பம்பு நின்றும் பாட்டு நிற்கவில்லை

மகேந்திரா,

நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்கப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். ஹட்டன் கடையறையில் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாய், கூட்டாளிகளுக்கு விருந்து வைக்கிறாய், டுபாய்க்குப் போய்ப் பணக்காரர்களின் படகுகளுக்கெல்லாம் பாட்டு செட் பூட்டப் போவதாகச் சொல்லித் திரிகிறாய். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டாய். திருநீறு பூசும்போது அழுதேன். "அழாதீங்கம்மா, ரெண்டு வருசந்தானே, ஓடிப்போயிரும்" என்றாய். அன்றைக்கு வந்தது அழுகைதான். இன்றைக்கு இதை எழுதும்போது வருவது வேறு. இது அழுகை இல்லையடா. பெற்ற பிள்ளையின் மேல் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வரும் என்று யாராவது முன்னால் சொல்லியிருந்தால், நான் அவர்களோடு சண்டைக்குப் போயிருப்பேன்.

நீ பஸ் ஏறின பிறகு வீட்டைக் கூட்டினேன். அலுமாரிக்கு அடியில் ஒரு சிலிசிலிப் பொலித்தீன் பை. உள்ளே, படகு மூழ்கப் பார்த்த அன்றைக்கு நீ போட்டிருந்த களிசான், சேறு காய்ந்து கட்டையாகக் கிடந்தது. துவைக்கலாம் என்று காற்சட்டைப் பையைத் துழாவினேன். விரல் நீளத்துக்கு ஒரு வயர் துண்டு வந்தது. இரண்டு பழுப்பு வயரின் நுனிகளும் ஒரு சிவப்பு வயரின் நுனியும் ஒன்றாக முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி, டேப்புக்கு மேல் நீல நூல் கட்டியிருந்தது. ஒரு பழுப்பு நுனி கருகி, முறுக்கிலிருந்து கழன்று தனியாகத் தொங்கியது. எனக்கு வயரிங் தெரியாது. ஆனால் அந்த நீல நூல் என்னுடையது, அந்த முடிச்சு உன்னுடையது. அந்தப் படகில் ஏறியிருந்த நாங்கள் எல்லாரும் யாரால் சாகப் பார்த்தோம் என்று கையில் இருந்த அந்தத் துண்டு சொல்லிவிட்டது. உன் அப்பாவிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெளிநாடு போற புள்ள. விட்ரு" என்றார். அவர் விடட்டும். நான் விடமாட்டேன்.

உன் கை வேலை எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியும். தொண்ணூறுகளில் நம் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசைக்குக் கரண்ட் வந்தபோது எல்லாக் காம்பிரா வீட்டுக்குமா வந்தது? முதல் காம்பிராவுக்கு மட்டும்தான் மீட்டர். நீ பள்ளிக்கூட உடுப்போடு தகரக் கூரைக்கடியில் ஏறி, அந்த வீட்டு வயரைச் சுரண்டிப் பக்கத்து வீட்டுக்கு இழுத்தாய், அங்கிருந்து அடுத்த வீட்டுக்கு இழுத்தாய், அப்படியே கடைசிக் காம்பிரா வரைக்கும் கொண்டுபோனாய். மலைக் குளிருக்கு டேப் உரிந்துபோகும் என்று என் தையல் நூலை எடுத்து மேலே சுற்றி, இரட்டை முடிச்சுப் போட்டாய். யாராவது ஒருத்தர் இஸ்திரிப் பெட்டியைப் போட்டால் லயம் முழுக்க பல்பு மங்கும். "எவன்டா அது?" என்று ஒரு முனையிலிருந்து சத்தம் வரும், மறு முனையில் சிரிப்பார்கள். உன்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். நானும்தான் ஆடினேன். பக்கத்தில் எந்த வயர் ஓடுகிறதோ அதிலிருந்து எடுத்துக்கொள், கரண்ட் என்ன குறைந்தா போய்விடும் என்பது அன்றைக்கே உன் கையில் ஊறிவிட்டது. லயத்தில் அது கூடிப்போனால் இருட்டுத்தான். தண்ணீருக்கு நடுவில் அது என்ன என்று நீ யோசிக்கவே இல்லை.

பிறகு ஹட்டனில் கடை போட்டாய். தலவாக்கலை ரூட்டில் ஓடுகிற பஸ்களில் பாதிக்கு நீதான் செட் பூட்டினாய். வளைவு திரும்பும் முன்னே பாட்டுச் சத்தத்தை வைத்தே இது மகேந்திரன் பூட்டின பஸ் என்று சொல்லுவார்கள். கர்வம் ஏறாமல் இருக்குமா? ஏறட்டும், உழைத்தாய். டேம் நீர்த்தேக்க ஓரத்துப் பங்களாவை உல்லாசப் பயணிகள் தங்குகிற இடமாக மாற்றி, கொழும்பிலிருந்து வெள்ளை நிறத்தில் ஒரு மோட்டார் படகு கொண்டுவந்தார்கள். நான் அங்கே சமையலறையில் இருந்தேன். படகுக்குப் பாட்டு வேண்டும், வருகிறவர்கள் கேட்கிறார்கள் என்று மனேஜர் சொன்னபோது, "என் மகன் இருக்கான் சார்" என்று வாயைத் திறந்தவள் நான்தான். அந்த வாயை இப்போது நினைத்தால் ஊசி நூலால் தைக்கலாம் போலிருக்கிறது.

நீ ஒன்றும் யோசிக்காமல் செய்தாய் என்று சொல்ல மாட்டேன். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. நுவரெலியாவுக்குப் போய் வாவியில் ஓடுகிற படகுகளை ஒரு நாள் முழுக்கக் கரையில் குந்தியிருந்து பார்த்துவிட்டு வந்தாய். பங்களா சமையலறை மேசையில் பிஸ்கட் பெட்டி அட்டையை விரித்துப் பென்சிலால் படகைக் கீறினாய். ஸ்பீக்கர் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. முகம் உள்பக்கம் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் காற்று சத்தத்தை அள்ளிக்கொண்டு போய்விடும். வேன் ஸ்பீக்கரின் காகிதம் ஈரத்தில் ஊறும், அதனால் பிளாஸ்டிக் கூம்பு உள்ளதைத்தான் கொழும்பில் தேடி எடுக்க வேண்டும். ஓரங்களில் தண்ணீர் நுழையாமல் டியூப் ரப்பரை வட்டமாக வெட்டி வைத்தாய். கனத்த ஸ்பீக்கர்ப் பெட்டியான பேஸ் பொக்ஸுக்குப் பின் சீட்டின் அடியில் இடம் ஒதுக்கினாய். அதற்கு நான் ரெக்சின் உறை தைத்தேன், நீல நூலில். ஆணி அடித்தால் ஓட்டை வழியாகத் தண்ணீர் வரும் என்று ஒவ்வொரு ஓட்டைக்கும் பசை வைத்தாய். பாட்டுக்கு ஒரு துளித் தண்ணீர் படக்கூடாது என்று நீ பட்ட பாடு இருக்கிறதே, அதில் பாதியைப் படகுக்குப் பட்டிருக்கலாம்.

செல்லமுத்து அண்ணன் உன்னிடம் இரண்டே இரண்டு காரியம் கேட்டார். அந்தப் படகு வந்த நாளிலிருந்து அதை ஓட்டினவர் அவர். "தம்பி, அடியில எப்பவும் கொஞ்சம் தண்ணி ஊறும். பம்பு அத வெளிய தள்ளிக்கிட்டே இருக்கும். அந்தப் பம்புச் சத்தம் எங் காதுல விழணும், பாத்துக்க. இன்னொன்னு, பாட்ட நிப்பாட்ட எங் கைக்கிட்ட ஒரு சுவிட்ச் வை" என்றார். நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். நீ சிரித்தாய். "மாமா, பஸ்ஸுல டிரைவர் கையில செட்ட குடுத்தா என்னா நடக்கும்னு எனக்குத் தெரியும். நோண்டி நோண்டியே கெடுத்துருவாங்க" என்றாய். செட்டை முன்பக்கம் ஒரு பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, ரிமோட்டை உன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாய். அவர் மறுபடியும் கேட்கவில்லை. இளையவர்கள் சிரித்தால் ஒதுங்கிப்போகிற மனிதர் அவர்.

பஸ்ஸில் ஒரு வயர் போதும், மற்றதை எங்கே இரும்பு கண்டாலும் முறுக்கிவிடலாம் என்று நீயே எனக்கு ஒருமுறை விளக்கினாய். படகோ பைபர், முறுக்க இரும்பே இல்லை. பின்னால் இருக்கிற பற்றரியிலிருந்து தடித்த வயர் இரண்டை முன்னுக்குக் கொண்டுபோக வேண்டும். வாங்கி வந்த வயர் எட்டவில்லை. கடை ஹட்டனில், மறுநாள் மனேஜர் வீட்டாரை ஏற்றிக்கொண்டு வெள்ளோட்டம். அப்போது உன் காலடியில் பம்புக்குப் போகிற பழுப்பு வயர் ஓடியது. லயத்துக் கை சும்மா இருக்குமா? அந்த மெல்லிசு வயரை வெட்டி, உன் சிவப்பு வயரையும் சேர்த்து முறுக்கி, டேப் சுற்றி, உறை தைத்து மிஞ்சிய என் நூலால் கட்டிப் பலகையை மூடிவிட்டாய். அன்றைக்குச் சாயந்தரம் என்னைப் படகுக்குள் கூப்பிட்டாய். "அம்மா, அந்த ஸ்டியரிங் பக்கத்துல ரெண்டாவது சுவிட்ச தட்டுங்க" என்றாய். தட்டினேன். பாட்டு வந்தது. எனக்குத் தலை கால் புரியவில்லை, அவ்வளவு சந்தோஷம். அந்தச் சுவிட்சை மட்டும் மறந்துவிடாதே. பிறகு அதற்கு வருகிறேன்.

மறுநாள் மனேஜரின் மனைவியும் அவருடைய சின்ன மகளும், சமையலறையிலிருந்து நானும் இன்னும் இரண்டு பெண்களும் ஏறினோம். நீ ஏறவில்லை. "சத்தம் தண்ணிக்கு மேல எம்புட்டுத் தூரம் போவுதுன்னு கரையில நின்னு கேக்கணும்" என்றாய். செல்லமுத்து அண்ணன் சாவியைத் திருப்பினார், வழக்கம்போல வரிசையாகச் சுவிட்சுகளைத் தட்டினார், பாட்டு கிளம்பியது. டேமின் நடுவுக்குப் போகும்போது எதிர்மலையிலிருந்து மழை இறங்கியது. காலில் ஈரம் பட்டது, மழைத் தண்ணீர் என்று நினைத்தேன். அடியில் ஊறிய தண்ணீரும் மழையும் சேர்ந்து கணுக்காலைத் தாண்டியது. பின்பக்கம் உன் பேஸ் பொக்ஸின் பாரத்தோடு தாழ்ந்துகொண்டே போனது. "அண்ணே, தண்ணி!" என்று கத்தினேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. எழுந்து போய் அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். திரும்பிப் பார்த்தவர் முகம் வெளிறியது. நான் முந்தானையை அவிழ்த்துக் கரையைப் பார்த்து வீசினேன். மனேஜரின் மனைவி பிள்ளையைத் தூக்கிக் காட்டினார். நீ என்ன செய்தாய் தெரியுமா? கரையில் நின்று நீயும் கையை வீசினாய். பாட்டுக்கு ஏற்றபடி ஆடினாய். நாங்கள் கூத்தாடுகிறோம் என்று நினைத்தாய். ரிமோட் உன் பையில். அது படகில் இருந்து ஒரு பொத்தானை அழுத்த முடிந்திருந்தால் உன் தாய் அலறியது உனக்குக் கேட்டிருக்கும்.

செல்லமுத்து அண்ணன் இல்லாவிட்டால் இந்தக் கடிதம் இல்லை. என்ஜின் இருமத் தொடங்கியதுமே, அது நிற்கும் முன் முழு வேகத்தில் பக்கத்துக் கரையை நோக்கிப் படகை விட்டார். அந்தக் கரை முழுக்கப் பழைய மரக்கட்டைகள் என்று அவருக்குத் தெரியும், தெரிந்துதான் விட்டார். படகின் அடி கிழிந்தது, என்ஜின் விசிறி முறிந்தது, நாங்கள் சேற்றில் முழங்கால் புதைய இறங்கினோம். கரையேறியதும் அவருடைய பழகிய கை போய் எல்லாச் சுவிட்சையும் ஒன்றாக அணைத்தது, எது போட்டிருந்தது என்று பிறகு யாருக்கும் தெரியாதபடி. பிறகு அந்தச் சின்னப் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து தாயிடம் கொடுத்தார். நீ டேமைச் சுற்றி ஓடி வந்தாய். "அம்மா, ஒண்ணும் ஆகலையே" என்று கேட்டுவிட்டு நேரே படகுக்குள் குதித்துப் பலகையைத் தூக்கினாய். பிள்ளைக்குத் தொழில் மேல் எவ்வளவு அக்கறை என்று நான் நினைத்தேன். நீ அந்த முடிச்சை வெட்டிப் பையில் போட்டுக்கொண்டு, பம்பு வயரை மறுபடி நேராகச் சேர்த்துக்கொண்டிருந்தாய்.

மனேஜர் ஜீப்பில் வந்தார். செல்லமுத்து அண்ணனைப் பார்த்து, பம்பு ஏன் வேலை செய்யவில்லை என்று கத்தினார். "சுவிட்ச் போட்டேன் சார்" என்றார் அவர். மனேஜர் உன் பக்கம் திரும்பினார். நீ தொழில் தெரிந்தவன் அல்லவா? நீ கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாய்: "வயரெல்லாம் சரியாத்தான் சார் இருக்கு. சுவிட்ச் போட மறந்துருப்பாரு." உடனே வேறொரு பற்றரியை இணைத்துக் காட்டினாய், பம்பு ஓடியது. ஓடாமல் என்ன செய்யும்? எங்கள் எல்லாரையும் கரை சேர்த்த மனிதரை, அவர் ஈரம்கூடக் காயாமல், இனிமேல் பங்களாப் பக்கம் வரவேண்டாம் என்று அனுப்பினார்கள். அதே மனேஜர் கொடுத்த நற்சான்றை வைத்துக்கொண்டுதான் நீ டுபாய்க்குப் போகிறாய். படகில் செட் பூட்டத் தெரிந்தவனாம்.

இப்போது அந்த இரண்டாவது சுவிட்சுக்கு வருகிறேன். நான் ஏழாம் வகுப்போடு நின்றவள், ஆனாலும் இரண்டு நாள் அடுப்படியில் நின்று யோசித்து இதைப் பிடித்துவிட்டேன். நீ என்னைத் தட்டச் சொன்ன சுவிட்ச் பாட்டுச் சுவிட்ச் இல்லை, பம்புச் சுவிட்ச். அந்தச் சுவிட்ச் போட்டால்தான் அந்தப் பழுப்பு வயரில் கரண்ட் வரும், அதிலிருந்துதான் உன் செட்டுக்குக் கரண்ட். வெள்ளோட்டத்து அன்றைக்குப் பாட்டு வந்ததா? கரை வரைக்கும் நிற்காமல் பாடியதா? அப்படியென்றால் செல்லமுத்து அண்ணன் சுவிட்ச் போட்டிருந்தார். பாரம் தாங்காமல் கருகிக் கழன்றது பம்புக்குப் போகிற நுனி மட்டும். அவர் மறந்திருந்தால் பாட்டே வந்திருக்காது. இது உனக்கு அந்தச் சேற்றில் நிற்கும்போதே தெரியும். தெரிந்துகொண்டுதான் மறந்திருப்பார் என்றாய்.

வயரைத் தவறாக முறுக்கியதற்காக நான் இப்படி எழுதவில்லை. அதற்கு இரண்டு அறை அறைந்துவிட்டுச் சோறு போட்டிருப்பேன். வேலையில் பிழை வராத கை கிடையாது. நான் உப்பை இரண்டு தரம் போட்ட குழம்பை விருந்தாளிகள் முகம் சுளித்துச் சாப்பிட்டதும் உண்டு. ஆனால் நீ ஒரு மனிதரின் வேலையை மட்டும் எடுக்கவில்லை. போன கிழமை அவரை பஸ் நிற்கிற இடத்தில் கண்டேன். ஹட்டன் சந்தையில் மரக்கறி மூட்டை இறக்கப் போகிறார். "என்னாண்ணே, நுவரெலியாவுல படகு ஓட்ட ஆள் கேட்டாங்களாமே, போகலயா?" என்றேன். நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எப்பிடித் தங்கச்சி போறது? மொதல்ல சுவிட்ச போட்டேன் போட்டேன்னு சொன்னேன். இப்ப நெனச்சுப் பாத்தா, போட்டேனா இல்லையான்னு எனக்கே வெளங்கல. ஒம் மகன் தொழில் தெரிஞ்சவன், அவன் பொய்யா சொல்லப்போறான்? அந்தப் புள்ளைக்கு ஏதாச்சும் ஆகியிருந்தா..." அவர் மனைவி சொல்கிறாள், வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதி வழி போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறாராம். அடுப்பை அணைத்தேனா என்று இவளிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். தன் கையையே நம்பாத மனிதராக அவரை ஆக்கிவிட்டாய். நீ சொன்னாய் என்பதற்காக அவர் தன்னைச் சந்தேகப்படுகிறார். உன்னை அல்ல, தன்னை!

அங்கே போய் நீ படகு படகாக செட் பூட்டுவாய். பூட்டு. ஒவ்வொரு படகிலும் யாரோ ஒருவன் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பான், அடியில் என்ன சத்தம் என்று கேட்க. அவன் உன்னிடம் ஒன்று கேட்டால் சிரிக்காதே. வயர் எட்டாவிட்டால் வேலையை நிறுத்து, அவர்கள் கத்தினால் கத்தட்டும். உனக்கு நான் சொல்கிற புத்திமதி அவ்வளவுதான். மிச்சமெல்லாம் புத்திமதி இல்லை, உத்தரவு.

நாளைக் காலையில் நான் வேலைக்குப் போனதும் அந்த வயர் துண்டை மனேஜர் மேசையில் வைத்து, நடந்ததைச் சொல்லப் போகிறேன். உன்னிடம் கேட்கவில்லை, சொல்கிறேன். நற்சான்றைத் திருப்பிக் கேட்டால் கேட்கட்டும். உன் பயணம் நின்றால் நிற்கட்டும். என் சமையலறை வேலை போனாலும் போகட்டும், தேயிலைக் கொழுந்து பறிக்கிற கூடை இன்னும் கூரையில்தான் தொங்குகிறது. உன் அப்பா இரண்டு நாள் என்னோடு பேசமாட்டார், அதுவும் ஒரு நிம்மதிதான்.

ஆனால் ஒரு காரியத்தை என்னால் செய்ய முடியாது. செல்லமுத்து அண்ணனிடம் நான் போய்ச் சொன்னால், தங்கச்சி ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைப்பார். அவர் நம்பியது உன் வாயை. அந்த வாய்தான் சொல்ல வேண்டும்.

அதனால்தான் இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. நீ வாசிக்கிற இந்த நேரத்தில் இதைக் கொண்டுவந்து கொடுத்தவர் உன் கடை வாசலில் நின்றுகொண்டிருப்பார். சந்தைக்குப் போகிற வழியில் கொடுத்துவிடுங்கள், மகன் ஒரு பதில் சொல்லுவான், கேட்டுவிட்டுப் போங்கள் என்று சொல்லித்தான் அவர் கையில் கொடுத்தேன். கவரை நான் ஒட்டவில்லை. அவர் திறந்து பார்த்திருக்க மாட்டார்; சாய்ந்த படகில் எங்களைத் தனியே விட்டுக் குதிக்காத மனிதர், இன்னொருவன் கடிதத்தையா வாசிக்கப் போகிறார்? தலையை நிமிர்த்தி அவரைப் பார். எனக்குப் பதில் எழுத வேண்டாம். அவரிடம் போய்ச் சொல்: "நீங்க சுவிட்ச் போட்டீங்க மாமா."

அம்மா